ஹெட்போனில் ஒலி விட்டுவிட்டு வருகிறது: ஒயர் எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டறிவது எப்படி?

கேள்வி:
வணக்கம். காதை முழுவதும் மூடும் ஒயர் ஹெட்போன் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 3.5 மி.மீ. பின், அதில் இரண்டு கறுப்பு வளையங்கள் உள்ளன, மைக் கிடையாது. அண்மைக்காலமாக ஒலி விட்டுவிட்டு வருகிறது. ஒயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால் எல்லாம் சரியாகக் கேட்கிறது. கையை எடுத்ததும் வயலினும் மிருதங்கமும் இரண்டு காதிலும் கேட்க, பாடகரின் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடுகிறது. வேறு கைப்பேசியில் செருகினாலும் இதே நிலைதான். பழுதுபார்க்கும் கடையில் புதிது வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர்கள் நன்றாக இருக்கும்போது தூக்கி எறிய மனம் வரவில்லை. மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் வீட்டில் இருக்கின்றன. எந்த இடத்தில் வெட்டுவது என்பதை எப்படி உறுதிசெய்வது?

முதல் பதில்:
குரல் மங்குகிறது என்று நீங்கள் எழுதியதே பாதி விடை. பின்னின் நுனி இடது காதுக்கும், நடுப்பகுதி வலது காதுக்கும், அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டுக்கும் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) உரியவை. கிரவுண்டு விட்டுப்போனால் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்துவிடும். அப்போது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே கேட்கும். பாடகரின் குரலைப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சம அளவில் பதிவு செய்வதால் அது தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. ஒரு காதுக்கான ஒயர் அறுந்திருந்தால் அந்தக் காது மட்டும் அடங்கியிருக்கும். ஆகவே ஒயர் இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழே, அநேகமாகப் பின்னின் கழுத்தில்தான் பழுது இருக்க வேண்டும்.

ஆனாலும் வெட்டுவதற்கு முன் அளந்து பார்த்துவிடுங்கள். மீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, நுனியிலும் அடியிலும் முனைகளைத் தொடுங்கள். 32 ஓம் ஹெட்போன் என்றால் ஏறத்தாழ அந்த எண்ணே வர வேண்டும். ஹெட்போனைக் காதில் வைத்திருந்தால் முனை படும்போது மெல்லிய ‘டக்’ ஒலியும் கேட்கும். முனைகளை எடுக்காமல், ஒயரைப் பின்னிலிருந்து தொடங்கி விரலகலம் விரலகலமாக வளைத்துக்கொண்டே மேலே செல்லுங்கள். எண் எந்த இடத்தில் துள்ளுகிறதோ அங்கேதான் ஒயர் அறுந்திருக்கிறது.

இரண்டாம் பதில்:
சரியாகக் கேட்கும் நிலையில் ஒயரை வளைத்து இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் போதாதா? நான் அப்படித்தான் சமாளிக்கிறேன்.

முதல் பதில் எழுதியவர்:
சில நாள் ஓடும், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே மயிரிழை போன்ற கம்பிகள் ஏற்கெனவே அறுந்துவிட்டன. மிச்சமிருப்பவையும் அதே வளைவில் ஒவ்வொன்றாக அறும். சால்டரிங் அயர்ன் கையில் இருப்பவருக்கு அந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

கேட்டவர்:
அளந்து பார்த்தேன். பின்னை ஒட்டிய ரப்பர் கழுத்தை வளைக்கும்போது நுனிக்கும் அடிக்கும் இடையே எண் மறைந்துவிடுகிறது. அதே வேளையில் நுனிக்கும் நடுவுக்கும் இடையே 64 அளவில் அசையாமல் நிற்கிறது.

முதல் பதில் எழுதியவர்:
64 என்பது இரண்டு ஸ்பீக்கர்களின் 32 ஓமும் சேர்ந்தது; அது அசையவில்லை என்றால் இடது, வலது கம்பிகள் நன்றாக இருக்கின்றன. அப்படியானால் ஐயமே இல்லை, கிரவுண்டுதான். ரப்பர் கழுத்துக்கு மேலே ஓரிரு அங்குலம் விட்டு ஒயரை வெட்டிவிட்டு, மூடி திருகும் வகையைச் சேர்ந்த ஸ்டீரியோ பின் ஒன்றை வாங்குங்கள். மேல்தோலைச் சீவினால் சிவப்பு, பச்சை அல்லது நீலம், செம்பு நிறம் எனக் கம்பிகள் தெரியும். பெரும்பாலும் சிவப்பு வலதுக்கும், பச்சையோ நீலமோ இடதுக்கும், செம்பு நிறம் கிரவுண்டுக்கும் உரியவை. செம்பு நிறத்தில் இரண்டு இருந்தால் சேர்த்து முறுக்கிக்கொள்ளுங்கள்.

பலர் தடுமாறும் இடம் இதற்கு அடுத்ததுதான். அந்த நிறம் பிளாஸ்டிக் உறை அல்ல, கம்பியின் மீதே பூசப்பட்ட எனாமல். அதை நீக்காமல் எவ்வளவு ஈயம் வைத்தாலும் ஒட்டாது, மின்சாரமும் பாயாது. அயர்ன் நுனியில் புது ஈயத்தை ஒரு துளியாக உருக்கி, கம்பியின் முனையை அதற்குள் சில விநாடி பிடியுங்கள். புகை எழுந்து பூச்சு எரிந்ததும் முனை வெள்ளிபோல் மின்னும். சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பிகளோடு வரும் நைலான் இழையை ஒட்ட நறுக்கிவிடுங்கள். முனை மின்னிய பிறகு செம்புக் கம்பியையும் சிவப்புக் கம்பியையும் மீட்டரால் தொட்டு, வலது காதில் ‘டக்’ கேட்கிறதா என்று பார்த்துவிட்டால் நிறங்களை நம்பியிருக்க வேண்டியதில்லை.

பின்னின் மூடியை முதலிலேயே ஒயரில் கோத்துவிட வேண்டும். பற்றவைத்த பிறகு அது நுழையாது. சூட்டில் பின்னுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் இளகும் என்பதால், பயன்படாத பழைய சாக்கெட் ஒன்றில் செருகி வைத்துப் பற்றவையுங்கள். பின்னின் அடித்தகட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இரு உலோக மடல்களும் ஒயரின் மேல்தோலைக் கவ்வும்படி மடக்குங்கள். இழுவிசை கம்பிகளின் மீது விழக் கூடாது.

மூடியைத் திருகும் முன் மறுபடியும் அளந்து பாருங்கள். அடிக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே 32, நுனிக்கும் நடுவுக்கும் இடையே 64 என்ற அளவில், ஒயரை அசைத்தாலும் மாறாமல் நிற்க வேண்டும். சுழியத்தை ஒட்டி வந்தால் ஈயம் பக்கத்துத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் கைப்பேசியில் செருகாதீர்கள்.