0.5 வைட் கன்வர்ட்டரில் எடுத்த மினிடிவி வீடியோ: வளைந்த கதவு நிலையை நிமிர்த்துவது எப்படி?

பழையடேப்:
மினிடிவி (MiniDV) டேப்பிலிருந்து ஃபயர்வயர் கேபிள் வழியாக இறக்கிய வீட்டு வீடியோக்கள். பால் (PAL) முறை, 720×576, இன்டர்லேஸ் (ஒற்றை, இரட்டை வரிகள் தனித்தனி ஃபீல்டாகப் பதிவானவை), 4:3. ஹேண்டிகேம் முன்னால் 0.5 வைட் கன்வர்ட்டர் (பார்வைக் கோணத்தை அகலமாக்கும் கூடுதல் லென்ஸ்) மாட்டி எடுத்தவை. ஓரத்தில் இருக்கும் கதவு நிலை, அலமாரி, மேலே உத்தரம் எல்லாமே வெளிப்பக்கம் வளைந்து நிற்கின்றன. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளின் லென்ஸ்கரெக்‌ஷன் ஃபில்டரில் வளைவைத் திருத்தும் எண்களான கே1-க்கு -0.2, கே2-க்கு 0 கொடுத்துப் பார்த்தேன். கதவு நிமிர்ந்துவிட்டது. ஆனால் உத்தரம் இன்னும் கொஞ்சம் வளைந்தே இருக்கிறது. அதற்காக எண்ணைக் கூட்டினால் கதவு உள்பக்கம் வளைகிறது. சாய்ந்த கோடுகளில் படிக்கட்டு மாதிரி பல் தெரிகிறது. இடது, வலது ஓரங்களும் நிறைய வெட்டுப்படுகின்றன. எதை முதலில் சரிசெய்வது?

ஃப்ரேம்25:
கதவும் உத்தரமும் ஒரே எண்ணுக்கு ஒத்துவராததற்குக் காரணம் லென்ஸ் இல்லை, பிக்சல். பால் டிவி (DV) வடிவத்தின் 4:3 பிக்சல் சதுரமில்லை. உயரத்தைவிட அகலம் 12/11 மடங்கு. ஃபில்டருக்கு அது தெரியாது, பிக்சலை எண்ணித்தான் மையத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடும். லென்ஸ் வட்டமாக வளைத்ததை நீங்கள் நீள்வட்டமாக நிமிர்த்துகிறீர்கள். 12/11-இன் வர்க்கம் 1.19. அதாவது கதவுக்குப் பொருந்தும் கே1 உத்தரத்துக்கு 19 சதவீதம் போதாது. நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் டீஇன்டர்லேஸ் (ஃபீல்டுகளை முழு ஃப்ரேம்களாக்குவது), பிடபிள்யூடிஐஎஃப் (bwdif) ஃபில்டரில், வினாடிக்கு 50 ஃப்ரேமாக. டிவி (DV) பதிவில் கீழ் ஃபீல்டுதான் முதலில் வரும். மாற்றிக் கொடுத்தால் அசைகிற எல்லாம் முன்னும் பின்னும் துள்ளும். அடுத்து இரு ஓரத்திலும் 8 பிக்சல் வெட்டினால் 704 அகலம். அதை 768×576 ஆக்கினால் பிக்சல் சதுரமாகிவிடும். லென்ஸ் திருத்தம் இதற்குப் பிறகுதான். டீஇன்டர்லேஸ் செய்யாமல் வளைத்தால் 1/50 வினாடி இடைவெளியில் எடுத்த இரண்டு ஃபீல்டின் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், பிறகு எதைப் போட்டாலும் பிரியாது.

படிக்கட்டுப் பல்லில் பாதி இதனால் வருவது. மீதிப் பாதி இன்டர்போலேஷன் (இடம் மாறிய பிக்சலுக்கு நிறம் கணக்கிடும் முறை): அந்த ஃபில்டரின் இயல்பான அமைப்பு 'நியரஸ்ட்'. 'பைலீனியர்' என்று மாற்றுங்கள்.

கட்டம்கட்டி:
ஓரம் வெட்டுப்படுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்த ஃபில்டர் நடுப்பகுதியின் அளவை மாற்றாது, ஓரங்களை வெளியே தள்ளும். ஃப்ரேம் அளவு அப்படியே இருப்பதால் தள்ளியது தொலைந்துபோகிறது. 768×576-இல் கே1 -0.2 என்றால் நடு வரிசையில் இடமும் வலமும் 49 பிக்சல் போகும். மேலும் கீழும் 21-தான். பக்கத்தில்தான் இழப்பு, எனவே பக்கத்தில் மட்டும் இடம் கொடுத்தால் போதும்.

திருத்தத்துக்கு முன் பேட் ஃபில்டரில் இருபுறமும் 96 பிக்சல் கறுப்பு சேர்த்து 960×576 ஆக்குங்கள். இங்கேதான் எல்லோரும் வழுக்குவார்கள்: கே1 பாதி மூலைவிட்டத்தை 1 என்று வைத்து அளக்கப்படுகிறது. ஃப்ரேம் பெரிதானால் எண்ணும் மாற வேண்டும். புதிய அகல உயர வர்க்கங்களின் கூட்டலைப் பழையதால் வகுத்தால் 1.36 வரும். ஆக -0.2 என்பது -0.272. கே2 பயன்படுத்தினால் அதை 1.36-இன் வர்க்கத்தால் பெருக்குங்கள். நடு வரிசையில் பழைய ஓரம் புதிய ஓரத்துக்குச் சரியாக வந்து உட்காரும், கறுப்பு எங்கும் எட்டிப் பார்க்காது.

இன்னும் நல்லது, 768×576-ஐ முதலிலேயே லான்சோஸ் என்ற அளவுமாற்ற முறையில் இரட்டிப்பாக்கி 1536×1152 ஆக்குவது. விகிதம் மாறாததால் கே1 மாறாது, பைலீனியரின் மங்கலும் குறையும். பேட் செய்தால் 1920×1152. மேலும் கீழுமாக 72 வரி வெட்டினால் 1920×1080 கையில். வெட்டை எப்போதும் சரிபாதியாகப் பிரிக்க வேண்டாம், தலைகள் மேலே ஒட்டியிருந்தால் கீழேயே வெட்டுங்கள்.

அதற்காகப் பேடை இஷ்டத்துக்குக் கூட்டாதீர்கள். கே1 -0.2-க்குப் பழைய பாதி மூலைவிட்டத்தின் 1.29 மடங்கைத் தாண்டினால் சூத்திரமே திரும்பி மடங்கும், ஓரத்தில் பிம்பம் கண்ணாடி போல் தலைகீழாக வரத் தொடங்கும்.

பழையடேப்:
768-க்கு மாற்றியதும் கதவும் உத்தரமும் ஒரே எண்ணில் நேராகிவிட்டன, நன்றி. ஆனால் இடது ஓரம் நேராக இருக்கும்போது வலது ஓரம் லேசாக வளைகிறது. ஓரத்தில் நிற்பவர்கள் வேறு குண்டாகத் தெரிகிறார்கள். ஜூம் செய்கிற இடங்களில் என்ன செய்வது?

ஓரப்பார்வை:
இடம் வலம் ஒத்துப்போகாவிட்டால் மையம் நகர்ந்திருக்கிறது. திருகி மாட்டும் கன்வர்ட்டர் லென்ஸின் அச்சில் துல்லியமாக உட்காராது. ஃபில்டரில் மையத்தின் கிடை இடத்தைக் குறிக்கும் சிஎக்ஸ் மதிப்பு 0.5-ஐ 0.01 அளவில் நகர்த்திப் பாருங்கள். சோதிக்க ஓரத்தில் உள்ள கோட்டையே எடுங்கள். மையம் வழியாகப் போகும் கோடு எவ்வளவு பேரல் (வெளிப்பக்க வளைவு) இருந்தாலும் வளையாது, அதை வைத்து ஒன்றும் தெரியாது. கோட்டின் நடு நேராகி இரு முனையும் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பினால் கே2-ஐக் கொஞ்சம் எதிர்க்குறியில் கொடுங்கள்.

ஆட்கள் குண்டாவது பிழை இல்லை, முழுத் திருத்தத்தின் விலை. நேர்கோட்டை நேராகவே காட்டும் பிம்பத்தில், அச்சிலிருந்து 40 டிகிரி தள்ளி இருக்கும் முகம் பக்கவாட்டில் 1.7 மடங்கும் உயரத்தில் 1.3 மடங்கும் இழுபடும். கண்ணுக்கு அது 30 சதவீதம் அகலமான முகம். வீட்டு வீடியோவைக் கதவுக்காக யாரும் பார்ப்பதில்லை. ஆட்கள் இருக்கும் காட்சிகளில் -0.13 அளவோடு நிறுத்துவேன். அதற்கு 960 அகலம் அதிகம், கறுப்பு தெரியும். 856×576, கே1 -0.150 என்று வையுங்கள் (ஃப்ரேம் அகலமாவதால் -0.13 இப்படி மாறுகிறது).

ஜூம் உள்ளே போகப் போக பேரல் குறையும். ஒரே எண்ணை முழு கிளிப்புக்கும் போட்டால் ஜூம் ஆன இடத்தில் கோடுகள் உள்பக்கம் குழியும். ஜூம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் வெட்டி, மூன்று துண்டாகக் கையாளுங்கள். நடுத்துண்டுக்கு கீஃப்ரேம் (எண் படிப்படியாக மாறக் குறிக்கும் நேரப்புள்ளிகள்) வேண்டும்; டாவின்சி ரிசால்வின் ஃப்யூஷன் பக்கத்தில் லென்ஸ் டிஸ்டார்ட் நோடில் செய்யலாம். ஸ்டெபிலைஸ் செய்வதாக இருந்தால் திருத்தத்துக்குப் பிறகுதான். முதலில் செய்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் மையம் இடம் மாறிவிடும், ஓரங்கள் ஜெல்லியாக ஆடும்.

ஃப்ரேம்25:
கேமராவும் கன்வர்ட்டரும் இன்னும் கையில் இருந்தால் கண்ணளவு தேவையில்லை. உள் மூலைகள் 9×6 வரும் சதுரங்கக் கட்டத்தை விறைப்பான பலகையில் சுருக்கமில்லாமல் ஒட்டி, ஜூமை முழு வைடில் வைத்து 15-20 கோணங்களில் பிடியுங்கள். கட்டம் ஃப்ரேமின் மூலைகளுக்கும் போக வேண்டும், நடுவிலேயே இருந்தால் ஓரக் கணக்கு வெறும் ஊகம். அந்த கிளிப்பையும் டீஇன்டர்லேஸ் செய்து 768×576 ஆக்கிய பிறகே ஓபன்சிவி என்ற நிரல் தொகுப்பில் கேலிபிரேட் செய்யுங்கள், அதாவது லென்ஸின் வளைவை அளந்தெடுங்கள்.

கிடைக்கும் கே1-ஐ அப்படியே எஃப்எஃப்எம்பெக்கில் போடாதீர்கள். ஓபன்சிவி குவியத் தூரத்தை அலகாக வைக்கிறது. பாதி மூலைவிட்டம் 480-ஐ பிக்சலில் வந்த குவியத் தூரத்தால் வகுத்து, அதன் வர்க்கத்தால் பெருக்குங்கள். குவியத் தூரம் 600, கே1 -0.31 என்றால் -0.198. கே2-க்கு நான்காம் அடுக்கு. பேட் செய்தால் 1.36 கணக்கு இதற்கு மேல்.