அப்பாவின் நாதசுரப் பதிவைக் கணினிக்கு மாற்ற உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். மறைந்த என் அப்பா தேரோட்டத்தில் நாதசுரம் வாசித்ததை உள்ளூர் கேபிள் சேனல் ஒளிபரப்பியது. அந்தப் பதிவு எங்கள் செட்டாப் பாக்ஸின் ஹார்ட் டிஸ்கில் மட்டுமே இருக்கிறது. பாக்ஸ் இப்போது அடிக்கடி நின்றுவிடுகிறது.

டிஸ்கைக் கழற்றிக் கணினியில் இணைத்தேன். 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டது. பதறிப்போய் உடனே எடுத்துவிட்டேன். பதிவு அந்த பாக்ஸில் மட்டுமே திறக்குமாம். எச்டிஎம்ஐ கேபிள் வழியாக எடுத்தால், எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பாதுகாப்பினால் கறுப்புத் திரைதான்.

கடைசியாக மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி வயர்களை படத்தையும் ஒலியையும் கணினிக்குக் கொண்டுவரும் யுஎஸ்பி கேப்சர் கருவியில் செருகி, ஓபிஎஸ் என்ற வீடியோ பதிவு மென்பொருளில் 720x576 அளவில், நொடிக்கு 25 சட்டகமாக (ஃபிரேம்) பதிந்தேன். அப்பா நாதசுரத்தின் ஊதும் முனையான சீவாளியை நனைத்து உதட்டில் பொருத்துவதுகூடத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் நேரம் போகப் போக ஒலி பின்தங்கி, விரல் ஒரு சுரத்திலும் ஓசை வேறொன்றிலும் நிற்கின்றன. இதை எந்த அமைப்பில் சரிசெய்வது? பாக்ஸ் ஓடும்போதே எடுத்துவிட வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.