பொருள்: துணைப் பயிற்சியா, கூடுதல் பயிற்சியா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஜிம் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் குழுவில், பார்பெல் (இரண்டு கையாலும் தூக்கும் நீளக் கம்பி) பயிற்சியோடு சேர்த்துச் செய்யும் டம்பெல் (ஒரு கையில் பிடிக்கும் குட்டை எடை) வேலைக்கு 'உதவிப் பயிற்சி', 'கூடுதல் பயிற்சி' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டும் வேண்டாம் என்கிறேன். 'துணைப் பயிற்சி' போதும்.

பரதராமியில் நான் சொல்லிக்கொடுக்கும் ஜிம்முக்குக் குடியாத்தம் பக்கமிருந்தும் சித்தூர் பக்கமிருந்தும் பையன்கள் வருகிறார்கள். பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. பெஞ்சில் படுத்திருப்பவன் 'உதவி' என்று குரல் கொடுத்தால், தலைமாட்டில் வந்து நின்று பாரை, அதாவது பார்பெல் கம்பியை, பிடி என்று பொருள். அதே சொல்லைப் பயிற்சி அட்டையில் எழுதினால், இன்னொருவர் கைகொடுத்துச் செய்வது என்றுதான் புரிந்துகொள்வார்கள்.

'கூடுதல்' உடம்பையே கெடுக்கும். கூடுதல் என்றால் எவ்வளவு செய்தாலும் நல்லதுதானே என்று பையன்கள் முழங்கையை மடக்கி எடை தூக்கும் கர்ல் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அசதி தீராமல் அடுத்த முறை ஸ்குவாட்டிலோ (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) பெஞ்ச் பிரஸிலோ (பெஞ்சில் படுத்துப் பாரை மேலே தள்ளுவது) பழைய எடையே ஏற மறுக்கிறது. துணை என்றால் அதற்கொரு தலைமை உண்டு. 'படித்துவிட்டான்' என்பதில் 'விடு' துணைவினையாக நிற்பது போல, முதன்மைப் பயிற்சி முடிந்த பிறகு, அதற்கு எது குறைகிறதோ அதை மட்டும் நிரப்புவது துணைப் பயிற்சி.

என்ன குறைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெஞ்ச் பிரஸில் வலது பக்கம் முந்தி ஏற, இடது பக்கம் பின்தங்கி, பார் சாய்ந்தபடியே மேலே போவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கம்பி என்பதால் வலுவான கை மற்றதன் சுமையில் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. டம்பெல்லில் அது நடக்காது. ஏழாவது எட்டாவது முறைக்குள் இடது கை நடுங்கத் தொடங்கிவிடும். எந்தப் பக்கம் வேலை பாக்கி என்று அப்போதே தெரிந்துவிடும். கம்பி நெஞ்சில் தட்டி நிற்கும் இடத்துக்கும் கீழே கையை இறக்கவும் முடிகிறது.

பரதராமியிலிருந்து

*

அண்ணா, 'துணை' எனக்கும் சம்மதம். ஆனால் டம்பெல், பார்பெல் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டீர்களே. முன்பு ஒருவர் டம்பெல்லைக் 'கர்லா' என்று சொல்லலாம் என்றார். அது சரிவராது. கர்லாக்கட்டையில் பாரம் கைப்பிடிக்கு வெகுதூரம் தள்ளி இருக்கிறது, அதனால்தான் அதைச் சுழற்றுகிறோம். டம்பெல்லில் பாரம் கைப்பிடியின் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது.

வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினாரே, அவரைப் 'பளுதூக்கும் வீரர்' என்றுதானே சொல்கிறோம். பளு எல்லோருக்கும் பழகிய சொல். டம்பெல்லைக் 'கைப்பளு' என்றும் பார்பெல்லைத் 'தண்டுப்பளு' என்றும் வைத்தால் என்ன? தண்டாலோடு குழம்பும் என்பீர்களோ என்று ஒரு சின்னத் தயக்கம்.

சித்தூரிலிருந்து

*

தம்பி, குழம்பாது. ஒன்று தரையில் கை ஊன்றிச் செய்வது, மற்றது கையில் எடுப்பது. 'தண்டுப்பளு'வில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பிளேட் (கம்பியின் முனைகளில் மாட்டும் எடைத் தட்டு) மாட்டாத ஆண்கள் பார் 20 கிலோ, பெண்கள் பார் 15 கிலோ. அதைத் 'தண்டு' என்றும், பிளேட் மாட்டியதைத் 'தண்டுப்பளு' என்றும் பிரித்துச் சொல்லலாம். இப்போது இரண்டையுமே பார் என்கிறோம். புதிதாக வருபவன் கம்பியின் எடையைச் சேர்க்காமலே கணக்குச் சொல்கிறான்.

'கைப்பளு' எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, ஒரு கைக்கு எவ்வளவு என்று எண்ணுவதற்கு அது பொருந்துகிறது. தண்டில் பக்கத்துக்கு 1.25 கிலோ மாட்டினால் மொத்தம் 2.5 கிலோதான் கூடும். கைப்பளுவில் 10இலிருந்து 12.5க்குப் போனால் இரண்டு கையும் சேர்த்து 5 கிலோ, அதாவது கால் பங்கு ஒரேயடியாக ஏறுகிறது. அதனால் எடையை உடனே ஏற்றாமல் முதலில் 8 முறையை 12 ஆக்கச் சொல்கிறேன். எடையை உடலை நோக்கி இழுக்கும் 'ரோ' பயிற்சியை, நடுவில் ஓய்வு விட்டு மூன்று சுற்று ('செட்') செய்யச் சொல்லி, அட்டையில் இப்படி எழுதலாம்: 'துணைப் பயிற்சி: கைப்பளு ரோ, 10 கிலோ, 3 செட், 8 முதல் 12 முறை.' இந்த 10 கிலோ ஒரு கைக்கா, இரண்டு கைக்கும் சேர்த்தா என்று இனி யாரும் கேட்க வேண்டாம். கைப்பளு என்று எழுதினால் ஒரு கையில் இருப்பது என்றே வைத்துக்கொள்வோம். செட், ரோ இரண்டும் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.