அலையை நம்பி வேலை செய்த நாட்கள்

முன்னாள் மின்பொறியாளர், நாகர்கோவில்:

கேரளத்தின் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரையொட்டிச் சென்னை ஐஐடி அமைத்த அலை மின்நிலையம் 1991இல் இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 3,000 டன் எடையுள்ள கான்கிரீட் பெட்டகத்துக்குள் கடல்நீர் ஏறும்போது காற்று மேலே தள்ளப்படும், இறங்கும்போது உள்ளே இழுக்கப்படும். காற்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில் சுழலும் வெல்ஸ் டர்பைன் அதன் உச்சியில் இருந்தது. 150 கிலோவாட் என்பது வடிவமைப்பில் குறித்த திறன். மார்கழி மாதத்தில் சில நாட்கள் அங்கே மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அலை ஓய்ந்தவுடன், மின்தொகுப்போடு, அதாவது ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பொது வலையமைப்போடு, இணைந்திருந்த ஜெனரேட்டர் மோட்டாராக மாறி, கொடுக்க வேண்டிய மின்சாரத்தைத் தானே வாங்கத் தொடங்கிவிடும். ஆடிக் கடலிலும் நிம்மதி இல்லை. காற்றின் வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் இறகுகள் பிடிப்பை இழக்க, சுழற்றும் விசை சரிந்துவிடும். மூச்சுக்கு மூச்சு மாறும் அலையை, மாறாத வேகம் கேட்கும் மின்தொகுப்போடு நேரடியாகக் கட்டிப்போட்டதே எங்கள் சிக்கலின் வேர் என்று இன்றும் கருதுகிறேன்.

ஓய்வுபெற்ற இயந்திரப் பொறியாளர், சென்னை:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தூத்துக்குடிக் கடலில் மேல்நீரின் வெப்பத்துக்கும் ஆழ்நீரின் குளிருக்கும் உள்ள வேறுபாட்டால் இயங்கும் 1 மெகாவாட் கடல்வெப்ப மின்நிலையத்தை மிதவையில் அமைக்க முயன்றபோது, ஆழத்துக் குளிர்நீரை மேலேற்ற வேண்டிய ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளக் குழாய் கடலோடு போயிற்று. அந்த மிதவையில் நான் இருந்ததில்லை. ஆனால் அதே வெப்ப வேறுபாட்டைக் கொண்டு, 2005இல் லட்சத்தீவின் கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் எடுத்தபோது, அதைக் குடித்துப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். உப்புக்கரிப்பான கிணற்று நீரையே நம்பியிருந்த தீவு அது.

முன்னாள் மின்பொறியாளர், நாகர்கோவில்:

விழிஞ்ஞமும் குடிநீர் எடுக்கும் வழிக்கே வந்தது. 2004இல் வேகம் மாற அனுமதிக்கும் அமைப்போடு டர்பைனை, கடல்நீரைச் சவ்வின் வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் எதிர்ச்சவ்வூடு பரவல் கருவிக்கு இணைத்து, நாளொன்றுக்கு 10,000 லிட்டர் நன்னீர் எடுக்கும் ஏற்பாடு செய்தார்கள். அதற்கு மின்தொகுப்பின் தயவு தேவைப்படவில்லை. 2011இல் நிலையத்தை மூடிவிட்டார்கள். தொடக்க ஆண்டுகளில் மணிக்கொரு முறை கையால் எழுதிய பதிவேடுகளின் நகல் உங்களில் யாரிடமேனும் இருக்கிறதா?