மன்சாய், பொக்கே, சுக்கோமி: சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

கோவையிலிருந்து

அன்புடையீர், வணக்கம். சனிக்கிழமை எங்கள் திரைப்பட வகுப்பில் ‘அசாகுசா கிட்’ திரையிடுகிறோம். 2021-இல் கெகிதான் ஹிதோரி இயக்கிய படம்; ஜப்பானிய நகைச்சுவைக் கலைஞரும் இயக்குநருமான தக்கேஷி கித்தானோ புகழ்பெறுவதற்கு முந்தைய கதை. பல்கலைக்கழகப் படிப்பை விட்டவர், தோக்கியோவின் அசாகுசாவில் பிரான்சுசா அரங்கில் லிஃப்ட் இயக்கிக்கொண்டே ஃபுக்காமி சென்சாபுரோவிடம் தொழில் பழகுகிறார். அங்கே ஆடை களையும் நடனங்களுக்கு நடுவே போடும் குறுநாடகம் ‘கொன்ட்டோ’. அதுதான் குருவின் கலை. சீடரோ அதை விட்டு, இருவர் மைக் முன் நின்று பேசும் ‘மன்சாய்’க்குப் போகிறார். பிரிவு அங்கேதான் வருகிறது.

என் குறிப்பில் இரண்டையும் ‘நகைச்சுவை’ என்றே எழுதிவிட்டேன். “நகைச்சுவையை விட்டு நகைச்சுவைக்குப் போனதற்கா குருவுக்கு இவ்வளவு கோபம்?” என்று கேட்டாள் ஒரு மாணவி. பதில் இல்லை என்னிடம். மன்சாய்க்கும், அதில் ஏறுமாறாகப் பேசும் பொக்கே, அவரைத் தடுத்துத் திருத்தும் சுக்கோமி இருவருக்கும் சொல் தாருங்கள். வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது.

மதுரையிலிருந்து

அம்மா, தொல்காப்பியரே தந்திருக்கிறார்: ‘எள்ளல் இளமை பேதைமை மடன்என்று உள்ளப் பட்ட நகைநான்கு என்ப’. சுக்கோமி எள்ளுநர். பொக்கேயைப் பேதை என்பதா, மடவோர் என்பதா என்பதே கேள்வி. கொளுத்தக் கொண்டு (பிறர் அறிவித்ததை ஏற்று) கொண்டது விடாமைதான் மடன். தவறாகப் பிடித்ததை விடாமல் நிற்பவருக்கு அதுவே பொருந்தும்.

இன்னொன்று. ‘மன்சாய்’ என்று எழுதாதீர்கள். னகரத்தின் பின் சகரம் தமிழ் ஒலிப்பு அன்று.

யாழ்ப்பாணத்திலிருந்து

ஐயா, பிழை. ணகர னகரங்களின் முன் ‘கசஞப மயவ’ ஏழும் வரலாம் என்று தொல்காப்பிய நூன்மரபிலேயே இருக்கிறது. புன்செய், நன்செய் எல்லாம் எப்படி வந்தன?

பேதை என்றால் எங்கட பிள்ளைகளுக்குச் சிறுபெண் பருவம்தான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய தடை தக்கேஷியே. அவருடைய மன்சாய் இணையான ‘டூ பீட்’டில் பொக்கே அவர்தான். கிழவர், கிழவி என்று ஒருவரையும் விடாமல் நஞ்சு கக்கி வேகமாகப் பேசுவார். இணையாளர் பீட் கியோஷி “நிறுத்து” என்பார். இதில் மடமை எங்கே? வேண்டுமென்றே கோணலாகப் பேசுகிறார். ‘கோணற்பேச்சாளர்’ என் முன்மொழிவு.

மதுரையிலிருந்து

நூற்பா சரிதான், திருத்தத்துக்கு நன்றி. ஆனால் நன்செய் நஞ்சை ஆயிற்று, புன்செய் புஞ்சை ஆயிற்று. நாவு போகும் வழி அது. மஞ்சாய் என்றால் ஜப்பானிய ஒலிக்கும் நெருக்கம்.

சென்னையிலிருந்து

பெயரின் வேரைப் பார்ப்போமே. புத்தாண்டில் இருவர் வீடுவீடாகச் சென்று வாழ்த்திப் பாடி ஆடிய பழைய மன்சாயின் எழுத்துகளுக்குப் பதினாயிரம் ஆண்டு என்று பொருள். நம் பெரியாழ்வாரின் ‘பல்லாயிரத் தாண்டு’ அல்லவா இது! ‘பல்லாண்டுப் பேச்சு’ எனலாம்.

சுக்கோமி ‘உள்ளே பாய்தல்’ என்ற வினையிலிருந்து வருவது. அதற்குக் குறளே இருக்கிறது: ‘நகுதற் பொருட்டன்று நட்டல் மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு’. பாய்தலும் இருக்கிறது, திருத்தலும் இருக்கிறது. ‘இடிப்பாளர்’ என்போம்.

சிங்கப்பூரிலிருந்து

இடிப்பாளர் என்றால் பழைய கட்டடம் இடிப்பவர் என்றுதான் என் மகன் நினைப்பான். பல்லாண்டு என்றால் கோயில் நினைவு வரும். 1930-களில் ஒசாக்காவில் அந்த எழுத்துகளையே மாற்றிவிட்டார்கள், ஆண்டுப் பொருள் போய்விட்டது. துளிப்பா என்று சொல்லிப் பார்த்தோம், நின்றது ஹைக்கூ. மன்சாய் மன்சாயாகவே இருக்கட்டும். மற்ற இரண்டுக்கும் “செந்தில் மாதிரி, கவுண்டமணி மாதிரி” என்றால் வகுப்பு முழுவதற்கும் ஒரு நொடியில் விளங்கும்.

சென்னையிலிருந்து

விளக்கத்துக்கு அது சரி, தோழர். சொல்லுக்கு ஆகாது. கவுண்டமணி அடிப்பது கதைக்குள் வரும் ஒரு பாத்திரமாக. மன்சாயில் கதையும் இல்லை, வேடமும் இல்லை. கோட்டு போட்ட இரண்டு பேரும் ஒரு மைக்கும்தான். ஃபுக்காமிக்குப் பொறுக்காததும் அதுவாக இருக்கலாம்: அவர் கற்றுக்கொடுத்த நடிப்பு, டேப் நடனம் எல்லாவற்றையும் விட்டு வெறும் வாயோடு நிற்பது.

கோவையிலிருந்து

மேலே உள்ள கடைசி வரியை அப்படியே குறிப்பில் சேர்க்கிறேன், நன்றி. அந்த மாணவிக்கு அதுதான் பதில்.

அச்சகத்தார் இருமுறை கூப்பிட்டுவிட்டார்கள். மன்சாய், கொன்ட்டோ இரண்டும் அப்படியே. ஆளுக்குப் பெயர் வைக்காமல் செயலுக்கு வைக்கிறேன்: கோணற்பேச்சு, இடித்துரை. நால்வர் தனிமடலில் சரி என்றார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து

கோணற்பேச்சுக்கு மகிழ்ச்சி. இடித்துரைக்கு என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். வள்ளுவர் நகுதலை ஒரு பக்கமும் இடித்தலை மறுபக்கமும் வைக்கிறார். மன்சாயில் இடித்த பிறகுதான் சபை சிரிக்கிறது. அந்தக் குறளை ஆதாரமாகக் காட்டினால் மாணவர்கள் தலைகீழாகப் படிப்பார்கள்.

மதுரையிலிருந்து

‘மஞ்சாய்’ என்பதை அடிக்குறிப்பிலாவது போடுங்கள், அம்மா.