பொருள்: 'ரீபில்ட்' என்பதற்குத் தமிழ் – வியாழன் மாலைக்குள் வேண்டும்

க. எழுதியது:

குழும அன்பர்களுக்கு வணக்கம். உடற்கல்வி மாணவர்களுக்கான இதழொன்றுக்காகக் கூடைப்பந்துக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழன் மாலை அது அச்சுக்குப் போகிறது. வயதேறிய நட்சத்திர வீரர்களை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, அணியை அடியிலிருந்து எழுப்புவது தகுமா என்பதே கட்டுரையின் கேள்வி. எடுத்துக்காட்டாக வருவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏ-வில் ஆடும் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி 2013-இல் எடுத்த முடிவு. 2008-இல் கோப்பை வென்று கொடுத்த கெவின் கார்னெட்டையும் (அப்போது வயது 37) பால் பியர்ஸையும் (35) புரூக்லின் நெட்ஸுக்கு அனுப்பி, ஈடாகச் சில வீரர்களையும், புரூக்லினின் 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்றுத் தெரிவுரிமைகளையும் (ஆண்டுதோறும் புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை), 2017-இல் இரு அணிகளின் தெரிவிடங்களை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் பாஸ்டன் பெற்றது. 'டிரேட்' என்பதற்குப் 'பரிமாற்றம்' என்றும் 'ரீபில்ட்' என்பதற்கு 'மறுகட்டமைப்பு' என்றும் எழுதியிருந்தேன். பள்ளி அணியில் ஆடும் என் மகள் படித்துவிட்டு, "புயல் நிவாரணச் செய்தி மாதிரி இருக்கிறது, அப்பா" என்றாள். அவள் சொன்ன பிறகு எனக்கும் அப்படியே தோன்றுகிறது. வேறு சொல் உண்டா?

இரா. எழுதியது:

தங்கள் மகளுக்கு நல்ல செவி. 'பரிமாற்றம்' என்றதும் எனக்கு வாழை இலையும் சாம்பார் வாளியும்தான் நினைவுக்கு வருகின்றன. அகநானூற்றில் உமணர் மகள் நெல்லுக்கு நேராக உப்பைத் தரச் சேரியில் கூவிச் செல்வதை 'விலைமாறு கூறல்' என்கிறது பாட்டு. பொருளுக்குப் பொருள் மாறும் வணிகத்துக்கு இத்தனை பழைய சொல் கையிலிருக்கும்போது நாம் ஏன் வெளியே தேட வேண்டும்? 'டிரேட்' என்பது 'விலைமாறு' ஆகட்டும்.

இரண்டாவது சொல்லில் 'மறு' என்னும் முன்னொட்டையே நான் ஏற்பதில்லை. மறு என்றால் கறை. வினையாகக் கொண்டால் 'ஏற்காதே' என்னும் ஏவல். 'கட்டமைப்பு' என்பதிலும் கட்டு, அமைப்பு இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. புத்துயிர், புத்தாடை என்பவற்றைப் போலப் 'புத்தெழுப்பு' என்று ஆளலாம்.

செ. எழுதியது:

ஐயா, மறுநாளிலும் மறுமணத்திலும் கறையா இருக்கிறது? 'விலைமாறு' கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த ஆட்டத்தில் வீரருக்கு விலை பேசுவதில்லை. சம்பள வரம்பைத் தாண்டிய அணிகள், அனுப்புகிற வீரர்களின் சம்பளமும் பெறுகிற வீரர்களின் சம்பளமும் ஏறத்தாழ ஒத்துவருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே உண்மையில் கைமாறுவது ஒப்பந்தம். பெரும்பாலும் வீரரிடம் கேட்பதும் இல்லை. கார்னெட்டின் ஒப்பந்தத்தில் மறுக்கும் உரிமை இருந்ததால் அவரது இசைவைப் பெற்றார்கள். அத்தகைய உரிமை மிகச் சிலருக்கே உண்டு. ஐபிஎல் செய்திகளில் நாளிதழ்கள் 'டிரேட்' என்றே எழுதுகின்றன, வாசகர்களும் சிரமமின்றிப் படிக்கிறார்கள்.

'மறுகட்டமைப்பு' மீது எனக்குள்ள குறை வேறு. கட்டுகிறார்கள் என்றால் ஏதோ நாளுக்கு நாள் உயர்வதாக ஒரு படம் மனத்தில் விழுகிறது. நடப்பது அதுவன்று, சில ஆண்டுகளுக்குத் தோற்க ஒப்புக்கொள்கிறார்கள். மறு ஆண்டே பாஸ்டன் 25 ஆட்டங்களில் வென்று 57-இல் தோற்றது. ஃபிலடெல்ஃபியா 2015-16-இல் 10 வென்று 72 தோற்றது. கடைசியில் நிற்கும் அணிக்கே குலுக்கலில் முதல் தெரிவு கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. முன்பு அது 25 விழுக்காடு, இந்தத் தோற்கும் போட்டியைத் தணிக்க 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 விழுக்காடு ஆக்கினார்கள். தோல்வியை உள்ளடக்காத சொல் இச்செயலுக்குப் பொருந்தாது.

ம. எழுதியது (டொராண்டோ):

எங்கள் பக்கத்தில் 'மீள்' என்பதே வழக்கு: மீள்பார்வை, மீள்குடியேற்றம். அந்த வழியில் 'மீள்கட்டுமானம்' என்று யாரேனும் சொல்வதற்கு முன் கேட்டுக்கொள்கிறேன், அது வேண்டாம். யாழ்ப்பாணத்து வாசகருக்கு அந்தச் சொல்லில் கூரையில்லாத வீடுகள் இருக்கின்றன. பந்தாட்டத்துக்கு அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை. 2018-இல் டெரோசனைக் கொடுத்துக் கவாய் லெனர்டை இங்கே எடுத்தபோது, "ஆளை மாத்திப்போட்டாங்கள்" என்றுதான் எங்கள் வீட்டில் பேசிக்கொண்டோம். 'ஆள்மாற்று' என்று வைத்தால் என்ன?

இரா. எழுதியது:

ஆள்மாறாட்டம் என்பது தண்டனைக்குரிய குற்றம், அம்மா. தேர்வு அறையில் பிடிபட்டவனைப் பற்றிய செய்தி என்று மாணவர்கள் எண்ணுவார்கள்.

வே. எழுதியது:

நான் வேளாண்துறையில் இருந்தவன். ஆட்டம் பார்ப்பது ஓய்வுக்குப் பின் வந்த பழக்கம். செ. தம்பி கேட்கும் சொல் கரும்புக்காட்டில் இருக்கிறது. கரும்பை வெட்டியபின் அடிக்கட்டையைத் தளிர்க்க விட்டால் அது மறுதாம்பு. தூரைப் பிடுங்கி, உழுது, புதுக்கரணை வைத்தால் அது மறுநடவு. சான் அன்டோனியோ செய்தது மறுதாம்பு: 1999-இல் முதல் கோப்பையை வென்ற டிம் டங்கனை வைத்துக்கொண்டே, சுற்றிலும் இளையவர்களை நிரப்பி, 2014-இல் அவரது 38-ஆம் வயதில் ஐந்தாவது கோப்பையை வென்றார்கள். பாஸ்டன் செய்தது மறுநடவு. மறுதாம்பில் ஒரு நுட்பம் உண்டு. வெட்டிய கட்டையை மண்ணோடு ஒட்டச் சீவிவிட வேண்டும். மேலே ஒரு கணுவை விட்டாலும் முளை அங்கிருந்து கிளம்பும், தனக்கென வேர் ஊன்றாமல் காற்றுக்குச் சாயும். லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் 2013 நவம்பரில், காயத்திலிருந்து திரும்பாத கோபி பிரையன்ட்டுக்கு மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு 4.85 கோடி டாலர் எழுதிக்கொடுத்தார்கள். 2015-16-இல் 17 வென்று 65 தோற்றார்கள். அது சீவாமல் விட்ட கட்டை. மறுநடவு செய்தவன் அறுவடை வரை கையைப் பிசைந்துகொண்டு காத்திருக்க வேண்டும் என்பதால், தம்பி கேட்ட தோல்வியும் சொல்லுக்குள் வந்துவிடுகிறது.

இரா. எழுதியது:

'மறுதாம்பு' என்பதில் தாம்பு எது? இலக்கியத்தில் தாம்பு கயிறு. தாள் என்னும் அடியிலிருந்து 'தாள்பு' ஆகித் திரிந்திருக்கலாம் என்பது என் துணிபு. தாள், தண்டு, தட்டை ஆகியவற்றை ஒருங்கே வைத்து நோக்கினால் இது விளங்கும். விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

செ. எழுதியது:

தாம்பு எங்கிருந்து வந்தாலும், சென்னை மாணவன் பொங்கலன்று மட்டும் கரும்பைப் பார்க்கிறான். இருந்தாலும் வே. ஐயாவின் வேறுபாடு எனக்குப் பிடித்திருக்கிறது, ஒரு தடைதான். பாஸ்டன் தன் வயலில் நட்டு விளைவிக்கவில்லை. புரூக்லின் முதல் ஆண்டில் 44 ஆட்டங்களில் வென்று இரண்டாம் சுற்றோடு நின்றது. 2015-16-இல் 21 வென்று 61 தோற்றது. புரூக்லின் தோற்கத் தோற்க, பாஸ்டன் கையிலிருந்த தெரிவுரிமைகள் உயர்ந்தன. 2016-இல் மூன்றாம் இடத்தில் ஜேலன் பிரவுன் கிடைத்தார். 2017-இல் கைக்கு வந்த முதல் இடத்தை ஃபிலடெல்ஃபியாவுக்கு விட்டு, மூன்றாம் இடத்தோடு இன்னொரு தெரிவுரிமையையும் வாங்கி, ஜேசன் டேட்டமை எடுத்தார்கள். அந்த இருவரும்தான் 2024-இல் பதினெட்டாவது கோப்பைக்கு அணியைக் கொண்டுபோனவர்கள். இது பக்கத்து வயலை ஐந்து ஆண்டுக்கு ஒத்திக்கு வாங்கி, அதன் மகசூலை நம் களத்தில் அடித்த கதை. எல்லாரும் பாஸ்டனைப் பார்த்து முதியவர்களை அனுப்பிவிடலாம் என்கிறார்கள். எதிரே ஒரு புரூக்லின் அகப்பட வேண்டும் என்பதைச் சொல்வதில்லை.

வே. எழுதியது:

ஒத்தி என்றது பொருத்தமே. ஆனால் பொதுப்பெயர் வைக்கும்போது பாஸ்டனை மட்டும் பார்க்க முடியாது. ஃபிலடெல்ஃபியா தன் வயலில்தான் நட்டது. கோப்பை இன்னும் வரவில்லை.

க. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தனிமடல்களையும் சேர்த்து எண்ணினால் மறுகட்டமைப்புக்கு ஐவர், மறுநடவுக்கு மூவர், புத்தெழுப்புக்கு ஒருவர். தலைப்பில் 'மறுகட்டமைப்பு' என்றே விட்டுவிட்டேன். பாஸ்டனையும் சான் அன்டோனியோவையும் ஒப்பிடும் பத்தியில் மட்டும் மறுநடவும் மறுதாம்பும் வருகின்றன, அடைப்புக்குறிக்குள் ஒரு வரி விளக்கத்தோடு. 'டிரேட்' என்பதற்கு 'வீரர் மாற்று' என்று எழுதினேன். கோப்பு போய்விட்டது.

இரா. எழுதியது:

'வீரர் மாற்று' என்றால் பதிலி ஆட்டக்காரர் என்று பொருள்படும். அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

வே. எழுதியது:

பாஸ்டன் செய்ததற்கு மூன்று நாளாகப் பெயர் தேடினோம். முதியவர்களை வாங்கிக்கொண்டு வருங்காலத்தைக் கொடுத்த புரூக்லின் செய்ததற்கு என்ன சொல் என்று கட்டுரையில் இருக்கிறது, க.?