புதுப்பிப்பு: தீபாவளிக்கு மலேசியா ஜோகூர்ல இருந்து சிங்கப்பூருக்கு வெடி கொண்டு வரலாமா?
மச்சான் ஜோகூர்ல வெடி வாங்கிட்டு வர்றேன்னு சொன்னார், வரலாமான்னு போன வாரம் இங்க கேட்டிருந்தேன்ல, பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வேணவே வேணாம்னு சொல்லிட்டேன். சிங்கப்பூர்ல வெடி கொண்டு வந்தாலும் வித்தாலும் வெடிச்சாலும் குத்தம்தான், ஜெயில் வரைக்கும் போகும்.

தடை ஏன்னு தேடிப் பார்த்தேன், 1970 சீனப் புத்தாண்டுல வெடியால ஆறு பேர் செத்துருக்காங்க, அப்புறம் தடுக்கப் போன ரெண்டு போலீஸ்காரங்களையே அடிச்சிருக்காங்க, அதான் 1972ல முழுசா நிறுத்திட்டாங்க. படிச்சப்போ மனசு கனத்துப் போச்சு. 2003ல இருந்து சைனாடவுன்ல அனுமதி வாங்கி வெடிக்கிறது வேற கதை.

பசங்களுக்கு லிட்டில் இந்தியா தேக்காவுல கம்பி மத்தாப்பு வாங்கியாச்சு, எங்க அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ திறந்த இடத்துல பக்கத்துலயே நின்னு கொளுத்தப் போறோம், வாளியில தண்ணியோட.